மெஷின் இருக்கு, ஓட்ட ஆள் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல இப்பல்லாம் செமிகண்டக்டர் செய்தி அடிக்கடி வருது. குஜராத் தோலேரால டாடாவோட சிப் செய்ற ஃபேக்டரி, அதாவது ஃபேப், 91,000 கோடி, அஸ்ஸாம்ல சிப் பேக்கேஜிங் பிளான்ட் 27,000 கோடி, நம்ம தமிழ்நாடும் 2025 பட்ஜெட்ல செமிகண்டக்டர் மிஷன் 2030னு 500 கோடி அறிவிச்சுருக்கு, எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதில 2024-25ல 1,465 கோடி டாலர் பண்ணி நாட்டுலயே முதல்ல நிக்கிறோம். படிக்கிறப்ப நெஞ்சு நிறையுதுங்க, நிஜமாவே. ஆனா இந்த சிப்புக்கும் சென்சாருக்கும் டிஸ்ப்ளேக்கும் வேண்டிய பொருள பத்தி படிக்கிற பசங்க எங்க படிக்கிறாங்க, அவங்க லேப்ல என்ன நடக்குதுன்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதனால நானே எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

நான் பேராசிரியர் கிடையாது. டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சவன், திருச்சில இருக்கேன், 22 வருஷமா யுனிவர்சிட்டி காலேஜ் லேப்ல இருக்கிற எக்ஸ்ஆர்டி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இதெல்லாம் சர்வீஸ் பண்றது தான் வேலை. சென்னைல இருந்து நாகர்கோவில் வரைக்கும் டூல் பாக்ஸ தூக்கிட்டு பஸ்லயும் ட்ரெய்ன்லயும் அலைஞ்சிருக்கேன். நானோ டெக்னாலஜின்னு போர்டு மாட்டின ரூம் எத்தனையோ உள்ள போய் பாத்தாச்சு. அதுல எத்தனை ரூம்ல மெஷின் ஓடிட்டு இருந்துச்சுன்னு நெனச்சா தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

மொதல்ல இந்த மெஷின் எல்லாம் எதுக்குன்னு சொல்லிடுறேன், ஏன்னா படிக்கிற எல்லாருக்கும் தெரியணும்னு இல்ல. ஒரு தலைமுடி தடிமன் சுமாரா 80,000 நானோமீட்டர். இந்த பசங்க செய்ற பொருள் 10 நானோமீட்டர், 50 நானோமீட்டர், இல்லன்னா கண்ணாடி மேல சில நூறு நானோமீட்டர்ல ஒரு படலம். கையில எடுத்து பாத்தா வெறும் வெள்ளைப் பொடி, இல்லன்னா லேசா மங்கின கண்ணாடித் துண்டு, அவ்வளவு தான் தெரியும். உள்ள அணு எல்லாம் எப்படி அடுக்கி நிக்குதுன்னு எக்ஸ்ஆர்டில வச்சு எக்ஸ்ரே அடிச்சு எந்தெந்த கோணத்துல பீக் வருதுன்னு பாத்தா தான் தெரியும், மேல்பரப்பு மணி மணியா இருக்கா குச்சி குச்சியா இருக்கான்னு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா தான் தெரியும். நாங்க அத செம்னு சொல்லுவோம், அதுல இன்னும் கூர்மையா காட்டுறது ஃபெசெம். மெஷின் இல்லன்னா அந்தப் பசங்களுக்கு கண்ணே இல்லன்னு அர்த்தம், சமைக்கிறவங்க கண்ண கட்டிட்டு ருசியும் பாக்கக்கூடாதுன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படி.

போன வருஷம் ஒரு யுனிவர்சிட்டிக்கு கூப்பிட்டாங்க, பேரு வேணாம். ஃபெசெம் மெஷின், வாங்குறப்ப ரெண்டு கோடிக்கு மேல. ரூம திறந்தா ஏசி ஓடல, புழுக்கம், மெஷின் மேல நீல கலர் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க, அது மேல தூசி ஒரு படலமா படிஞ்சு கிடக்கு. என்ன ஆச்சுன்னு கேட்டா யுபிஎஸ் பேட்டரி செத்துப்போச்சாம், மாத்தணும்னு ஃபைல் போட்டு எட்டு மாசம் ஆச்சாம், இன்னும் திரும்பி வரலையாம். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். ஃபெசெம்ல எலக்ட்ரான் வர்ற முனை ரொம்ப ரொம்ப கூர்மையான ஊசி மாதிரி, அது இருக்கிற அறைல காத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லங்கிற அளவுக்கு வாக்யூம் இருக்கணும், அதுக்கு அயான் பம்ப்னு ஒன்னு ராத்திரி பகல் 24 மணி நேரமும் ஓடணும், மெஷின யாரும் யூஸ் பண்ணலன்னாலும் ஓடணும். கரண்ட் போய் யுபிஎஸ்சும் இல்லன்னா வாக்யூம் கெட்டுப்போகும், திரும்ப கொண்டு வர்றதுக்கு அந்த பாகத்த சூடு பண்ணி உள்ள ஒட்டின ஈரத்தையெல்லாம் வெளியேத்தி நாள்கணக்கா ஆகும், ஊசி போச்சுன்னா லட்சக்கணக்குல செலவு. சில லட்ச ரூபா பேட்டரிய எட்டு மாசம் வாங்காம விட்டதுல ரெண்டு கோடி மெஷின் படுத்துக்கிச்சு.

அன்னிக்கு அந்த ரூம் வாசல்ல ஒரு பொண்ணு நின்னுட்டு இருந்துச்சு, நாலாவது வருஷ பிஎச்டி ஸ்காலர், அரியலூர் பக்கம் கிராமம். அப்பா முந்திரிக்காட்டுல வேலை பாக்குறவரு. "அண்ணா மெஷின் எப்ப ரெடியாகும்"னு கேட்டுச்சு. நான் பேட்டரி வராம ஒன்னும் பண்ண முடியாதும்மான்னேன். அது முகம் போன போக்க பாத்துட்டு என்னம்மா பண்றன்னு உக்காந்து கேட்டேன்.

அந்த பொண்ணு செய்றது துத்தநாக ஆக்சைடு படலம், அம்மோனியா வாயு வந்தா உடனே கண்டுபிடிக்கிற சென்சாருக்கு. ஸ்ப்ரே பைராலிசிஸ்னு ஒரு முறை, நம்ம ஊர் லேப்ல நெறைய பேர் இத தான் பண்றாங்க ஏன்னா செலவு கம்மி. ஜிங்க் அசிடேட் கரைசல, 400 டிகிரி சூட்டுல இருக்கிற கண்ணாடி மேல பொடிப் பொடியா தெளிச்சா, தண்ணி ஆவியா போய் துத்தநாக ஆக்சைடு மட்டும் படலமா ஒட்டிக்கும். சூடு 20 டிகிரி கூடினா மணி பெருசாகும், தெளிக்கிற வேகம் மாறினா ஓட்டை விழும், எவ்ளோ ஓட்டை எவ்ளோ மணிங்கிறத பொறுத்து தான் வாயு ஒட்டும், சென்சார் சொல்லும். எக்ஸ்ஆர்டில 34.4 டிகிரி பக்கத்துல பீக் உசரமா வந்தா படிகம் எல்லாம் ஒரே திசைல நிமிந்து நிக்குதுன்னு அர்த்தம்னு அது எனக்கு விளக்கிச்சு, எனக்கு தெரியும்னாலும் கேட்டுக்கிட்டே இருந்தேன், அவ்ளோ ஆசையா சொல்லிச்சு.

இப்ப என்ன பண்றன்னு கேட்டதுக்கு, வெளியூர்ல ஒரு இடத்துக்கு சாம்பிள் கூரியர்ல அனுப்புறேண்ணா, ஒரு சாம்பிளுக்கு ஆயிரம் ரூபா பக்கம், ரெண்டு மாசம் கழிச்சு படம் மெயில்ல வரும்னுச்சு. நாலு படம் அனுப்புவாங்களாம். அந்த படத்துல இந்த பொண்ணு பாக்கணும்னு நெனச்ச இடம் இருக்காது, ஏன்னா அங்க மெஷின்ல உக்காந்திருக்கவருக்கு இது என்ன சாம்பிள் எதுக்கு பாக்குறோம்னு தெரியாது, ஒரு நாளைக்கு இருபது சாம்பிள் வருது அவர் என்ன செய்வாரு பாவம். படம் வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துடுச்சு, லேப்ல ஈரப்பதம் மாறிப்போச்சு, அதே சூட்டுல அதே கரைசல தெளிச்சாலும் அதே படலம் வரமாட்டேங்குதுன்னு சொல்லி அழ ஆரம்பிச்சிடுச்சு. பிஎச்டி பசங்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000 ரூபா, அது நெட்னு ஒரு தேசிய தேர்வ பாஸ் பண்ணி கிடைச்சவங்களுக்கு. இந்த பொண்ணுக்கு எந்த ஃபெலோஷிப்பும் கிடையாது, சாயந்தரம் ட்யூஷன் எடுத்து அந்த காசுல சாம்பிள் அனுப்புது.

இத ஏன் இவ்ளோ விரிவா சொல்றேன்னா, இந்த மாதிரி பொருள் ஆராய்ச்சி எல்லாம் செஞ்சு பாத்து, தப்பாகி, மாத்தி, திரும்ப செய்றதுல தான் நடக்குது. காலைல தெளிச்சத மத்தியானம் மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு சாயந்தரம் சூட்ட மாத்தி திரும்ப தெளிக்கணும். நீல எல்ஈடி கதை கேட்டிருப்பீங்க. 1980கள்ல ஜப்பான் நகோயா யுனிவர்சிட்டில ஹிரோஷி அமானோன்னு ஒரு மாணவர், அவரோட புரொபசர் இசாமு அகசாகி, நீல வெளிச்சம் தர்ற கேலியம் நைட்ரைடுங்கிற பொருள நல்ல படிகமா வளக்கணும்னு முயற்சி பண்றாங்க, உலகத்துல நெறைய பேர் இது ஆகாதுன்னு விட்டுட்டுப் போன பொருள். அமானோ அந்த வளக்கிற கருவியவே தன் கையால செஞ்சாரு, ஆயிரத்துக்கும் மேல தடவை முயற்சி பண்ணியும் வரல. 1985ல ஒரு நாள் உலை சரியா வேலை செய்யல, வேண்டிய அளவுக்கு சூடு ஏறல, அந்த கம்மி சூட்டுலயே முதல்ல அலுமினியம் நைட்ரைடு மெல்லிசா ஒரு படலம் போட்டு அது மேல வளத்து பாத்தா கண்ணாடி மாதிரி வந்திருக்கு. 2014ல அவங்க ரெண்டு பேருக்கும், இதே பொருள்ல தனியா வேலை பாத்த ஷுஜி நாகமுராவுக்கும் நோபல் கொடுத்தாங்க, இன்னிக்கு நம்ம வீட்டு பல்பு வெள்ளையா எரியுறதுக்கு அடிப்படை அது தான். ஆயிரம் தடவைங்க. அந்த மாணவர் ஒவ்வொரு தடவையும் சாம்பிள கூரியர்ல அனுப்பி ரெண்டு மாசம் காத்திருந்தா கணக்கு போட்டு பாருங்க, 160 வருஷத்துக்கு மேல ஆகும்.

கிராஃபீன் கதையும் அப்படித்தான். மான்செஸ்டர் யுனிவர்சிட்டில கெய்மும் நோவோசெலோவும் செல்லோடேப் வச்சு கிராஃபைட்ட உரிச்சு ஒரே ஒரு அணு தடிமன்ல கார்பன் படலம் எடுத்தாங்க, 2004ல ஆராய்ச்சி பேப்பர் வந்துச்சு 2010ல நோபல். காசே இல்லாம டேப்ப வச்சே நோபல் வாங்கிட்டாங்க, நம்ம ஆளுங்க மட்டும் மெஷின் மெஷின்னு கேக்குறாங்கன்னு மேடைல ஒருத்தர் பேசினத நானே கேட்டிருக்கேன். அந்த டேப் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அப்படி பேசமாட்டாங்க. பக்கத்துல டனலிங் மைக்ராஸ்கோப்ல வேலை பாத்துட்டு இருந்த ஷ்க்லியாரெவ்ஸ்கிங்கிற சீனியர், கிராஃபைட் சாம்பிள சுத்தம் பண்றதுக்கு டேப் ஒட்டி உரிச்சு குப்பைல போடுவாங்க, அந்த டேப்ப குப்பைத்தொட்டில இருந்து எடுத்துக் கொடுத்தவர் அவர் தான். மைக்ராஸ்கோப் ஓடிட்டு இருந்த ரூம், அத தினமும் தொட்டு பழகின ஆளு, ரெண்டும் இருந்ததால தான் அந்த டேப் கிடைச்சுது. உரிச்சது ஒரு அணு தடிமன் தானான்னு உறுதி பண்ணவும் அணு அளவுல தடவி பாக்குற இன்னொரு மைக்ராஸ்கோப் வேண்டியிருந்துச்சு.

இப்ப அந்த ஆளு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு சொல்ல வேண்டியது முக்கியமா இது தான். 

இன்னொரு ஊர்ல ஒரு காலேஜ்ல ஒரு டெக்னீஷியன் இருந்தாரு, நான் அண்ணேன்னு தான் கூப்பிடுவேன். 90கள்ல வாங்கின எக்ஸ்ஆர்டி மெஷின், கம்பெனியே இனிமே பார்ட்ஸ் கிடையாதுன்னு சொல்லிட்ட மாடல், அத 2017 வரைக்கும் ஓட்டினாரு. நான் சர்வீஸுக்கு போனா முன்னாடியே என்ன கோளாறுன்னு அவர் கண்டுபிடிச்சு வச்சிருப்பாரு. காலைல எட்டரைக்கு வந்து மெஷின குளிர வைக்கிற சில்லர்ல தண்ணி பாப்பாரு, ஏன்னா எக்ஸ்ரே ட்யூபுக்கு தண்ணி சரியா போகலன்னா நிமிஷத்துல ட்யூப் போயிடும், ஊர்த் தண்ணில உப்பு ஜாஸ்திங்கிறதால காய்ச்சி வடிச்ச தண்ணி தான் ஊத்தணும்னு பிடிவாதமா இருப்பாரு. ஒரு நீள நோட்டுல ட்யூப் எத்தனை மணி நேரம் ஓடிச்சு, எந்த தேதில வோல்டேஜ் ஆடிச்சு, சிலிக்கான் சாம்பிள் வச்சு பாத்தப்ப பீக் எவ்ளோ தள்ளி வந்துச்சு எல்லாம் எழுதி வச்சிருப்பாரு. எம்எஸ்சி பசங்க வந்தா சாம்பிள எப்படி தட்டையா அழுத்தி வைக்கணும்னு கை பிடிச்சு சொல்லித் தருவாரு, மேடு பள்ளமா வச்சா பீக் தள்ளி வரும், தப்பா முடிவுக்கு வருவீங்கம்மான்னு. அவர் பேரு எந்த ஆராய்ச்சி பேப்பர்லயும் வந்தது கிடையாது, நன்றின்னு கடைசில ஒரு வரி கூட பாதி பேர் போட மாட்டாங்க.

அவர் ரிட்டயர் ஆனாரு. அந்த போஸ்ட நிரப்பல. அவுட்சோர்சிங்ல ஒரு பையன போட்டாங்க, நல்ல பையன் தான், ஆறு மாச காண்ட்ராக்ட், சம்பளம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருது, அவன் ஒரு செல்போன் ஷோரூம்ல இத விட ஜாஸ்தி கிடைக்குதுன்னு போயிட்டான், அவன தப்பு சொல்ல முடியுமா. அடுத்து வந்த பையனுக்கு சொல்லிக் கொடுக்க யாரும் இல்ல. ஒரு நாள் சில்லர் ஓடாம ஆன் பண்ணிட்டாங்க, அதுக்குன்னு இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு யாரோ முன்னாடியே ஷார்ட் பண்ணி வச்சிருந்திருக்காங்க. ட்யூப் போச்சு. அதோட அந்த மெஷின் முடிஞ்சுது.

இப்படி போஸ்ட் காலியா கிடக்கிறது ஒரு இடத்துல மட்டும்னா நான் லெட்டர் எழுத மாட்டேன். நான் போற இடத்துல பெரும்பாலும் இதே கதை தான். புது மெஷின் வர்றப்ப ரிப்பன் வெட்டி ஃபோட்டோ எடுக்குறாங்க, கம்பெனி ஆளு வந்து மூணு நாள் ட்ரெயினிங் கொடுப்பாரு, அதுக்கு உக்காந்திருக்கிறது புரொபசரும் நாலு ஸ்காலரும். ஸ்காலர் டிகிரி முடிச்சு போயிடுவாங்க, புரொபசருக்கு வகுப்பு, பேப்பர் திருத்தம், நாக் தரச்சான்று வேலைன்னு ஆயிரம் இருக்கு. மூணு வருஷம் வாரன்டி முடியும், வருஷ பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி போடணும், மெஷின் விலைல வருஷத்துக்கு நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து ரூபா வரைக்கும் கேப்பாங்க, அது எந்த தலைப்புல கொடுக்கிறதுன்னே தெரியாம ஃபைல் சுத்தும். வாங்கின திட்டம் முடிஞ்சு போச்சு, காச செலவு பண்ணிட்டோம்னு யுடிலைசேஷன் சர்டிபிகேட் கொடுத்தாச்சு, இனிமே அந்த மெஷினுக்கு அப்பா அம்மா இல்ல.

காசே கொடுக்கலன்னு நான் சொல்ல வரல. 2000த்துல ஃபிஸ்ட்னு மத்திய அரசு திட்டம் வந்துச்சு, அதுல எத்தனையோ டிபார்ட்மென்டுக்கு மெஷின் வந்துச்சு. 2007ல நானோ மிஷன் வந்துச்சு, 5 வருஷத்துக்கு 1,000 கோடி. அப்புறம் உயர்கல்விக்குன்னு ரூசா திட்டம். இப்ப 2023ல சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, 5 வருஷத்துக்கு 50,000 கோடின்னு கணக்கு, அதுல 36,000 கோடி அரசுக்கு வெளில இருந்து வரணும்னு எதிர்பாக்குறாங்க. 2025ல ஆராய்ச்சி மேம்பாட்டு நிதின்னு 1 லட்சம் கோடிக்கு ஒப்புதல் கொடுத்தாங்க, அது தனியார் கம்பெனிங்களுக்கு. எல்லாம் நல்லது தான். ஆனாலும் நாடு மொத்தமா ஆராய்ச்சிக்கு செலவு பண்றது ஜிடிபில 0.64 சதவீதம், சீனா 2.4க்கு மேல. இருக்கிற அந்த காசுலயும் வாங்குறதுக்கு தலைப்பு இருக்கு, ஓட்டுறதுக்கு தலைப்பு இல்ல. ஃபிலமென்ட், பம்ப் ஆயில், ஆர்கான் சிலிண்டர், லிக்விட் நைட்ரஜன், கரண்ட் பில் இதெல்லாம் யார் கட்டுறதுங்கிறதுல தான் எல்லாம் நிக்குது. இதுல 2022 ஜூலைல இன்னொரு அடி, அது வரைக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்குற கருவிக்கும் பார்ட்ஸுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீத சலுகை இருந்துச்சு, அத எடுத்துட்டாங்க, பெரும்பாலான கருவி 18க்கு போயிடுச்சு. சாதாரண செம்ல போடுற டங்ஸ்டன் ஃபிலமென்ட் ஹேர்பின் மாதிரி குட்டியா இருக்கும், நல்லா பாத்துக்கிட்டா நூறு மணி நேரம் பக்கம் வரும், பாத்துக்கலன்னா அதுல பாதி கூட வராது. அத வாங்க மூணு கொட்டேஷன் கேட்டு நாலு மாசம். 2025 ஜூன்ல கொள்முதல் விதிய கொஞ்சம் தளத்தி, ஆராய்ச்சி நிறுவனத் தலைவரே முடிவெடுத்து வாங்கலாம்னு மத்திய அரசு சொன்னது பெரிய நிம்மதி, ஆனா அது மத்திய அரசு நிறுவனங்களுக்கு, மாநில யுனிவர்சிட்டில ஃபைல் இன்னும் அதே வேகத்துல தான் நகருது.

முடியாத காரியமா இதுன்னா அதுவும் கிடையாது, நடக்கிற இடம் இருக்கு. பெங்களூர் ஐஐஎஸ்சிலயும் பம்பாய் ஐஐடிலயும் நானோ எலக்ட்ரானிக்ஸ் மையம் 2006ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஐநப்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, நாட்டுல எந்த காலேஜ்ல இருந்து வேணா ஸ்காலர் அங்க போய் தூசி இல்லாத க்ளீன் ரூம்ல தன் கையால டிவைஸ் செஞ்சுட்டு வரலாம். இப்ப சென்னை ஐஐடி உட்பட இன்னும் சில ஐஐடிங்களும் அதுல இருக்கு. நம்ம பசங்க நெறைய பேர் போய்ட்டு வந்திருக்காங்க, வந்தப்புறம் அவங்க பேசுற தெளிவே வேற. சென்னை ஐஐடில சைஃப்னு ஒரு மையம் 1970கள்ல இருந்து வெளி காலேஜ் சாம்பிளுக்கு ரீடிங் எடுத்துக் கொடுக்குது. அமெரிக்கால கார்னெல் யுனிவர்சிட்டில 1977லயே இப்படி எல்லாருக்கும் திறந்த ஒரு மையம் தொடங்கி இன்னிக்கு வரைக்கும் நடத்துறாங்க. இந்த இடங்கள்ல எல்லாம் நான் கவனிச்ச ஒரே பொது விஷயம், மெஷின் ஒவ்வொன்னுக்கும் பேர் சொல்லி ஒரு ஆளு இருப்பாங்க, அவங்களுக்கு அது தான் முழு நேர வேலை. ஆனா நாகர்கோவில்ல இருந்தும் புதுக்கோட்டைல இருந்தும் எத்தனை தடவை ஒரு பொண்ணு பெங்களூருக்கு போக முடியும், ஆயிரம் தடவை போக முடியுமா.

இந்த மண்ணுக்கு இது புதுசும் கிடையாது. காரைக்குடில அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்துச்சு, 1953ல திறந்தாங்க. அண்ணா யுனிவர்சிட்டில படிக வளர்ச்சி மையம்னே தனியா ஒன்னு இருக்கு. சென்னை ஐஐடில பிரதீப் சாரும் அவர் மாணவர்களும் வெள்ளி நானோ துகள வச்சு தண்ணில இருக்கிற பூச்சிமருந்த பிரிச்சு எடுக்கிற வழி கண்டுபிடிச்சு அது ஃபில்டரா வீட்டுக்கே வந்துச்சு, அப்புறம் ஆர்செனிக் கலந்த தண்ணிக்கும் வழி பண்ணாங்க. இங்க பசங்களுக்கு மூளை கம்மி இல்லங்க, அரியலூர் பொண்ணு பேசினத கேட்டிருந்தா நீங்களே சொல்லுவீங்க.

அதனால எனக்கு தெரிஞ்ச அளவுல கேக்குறேன். இனிமே பொதுக்காசுல எந்த யுனிவர்சிட்டி எந்த மெஷின் வாங்கினாலும், வாங்குற ஆர்டர்லயே பத்து வருஷ ஏஎம்சியும் ஒரு நிரந்தர டெக்னீஷியன் சம்பளமும் சேத்து ஒதுக்கணும், அதுக்கு காசு பத்தலன்னா மூணு மெஷினுக்கு பதிலா ரெண்டு வாங்கட்டும். காலியா இருக்கிற டெக்னீஷியன் போஸ்ட எல்லாம் நிரப்பணும், அந்த வேலைல சேந்தவன் முப்பது வருஷம் கழிச்சும் அதே டெக்னீஷியனாவே ரிட்டயர் ஆகாத மாதிரி ப்ரமோஷன் வழி வேணும். நம்ம பாலிடெக்னிக்ல இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிற பசங்களுக்கு வாக்யூம் பம்ப் பிரிச்சு மாட்டவும் சில்லர் பாக்கவும் ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தா போதும், தோலேரால நாளைக்கு 28 நானோமீட்டர் ஃபேப் ஓடுறப்பவும் அங்க கேக்கப்போறது இதே வேலை தெரிஞ்ச பசங்கள தான், இங்க யுனிவர்சிட்டி மெஷின்ல கை பழகினவன் அங்க நேரா போய் நிப்பான். திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலின்னு நாலு இடத்துல பொதுவான லேப் வச்சு சுத்தி இருக்கிற காலேஜ் பசங்க காலைல பஸ் ஏறி வந்து தன் சாம்பிள தானே பக்கத்துல உக்காந்து பாத்துட்டு சாயந்தரம் வீட்டுக்கு போற மாதிரி பண்ணலாம், செமிகண்டக்டர் மிஷனோட 500 கோடில இதுக்கு ஒரு பங்கு எடுத்தாலே போதும். இன்னொன்னு, எந்த யுனிவர்சிட்டில என்ன மெஷின் இருக்குன்னு பாத்து ஸ்லாட் போட 2020ல ஐ-ஸ்டெம்னு ஒரு இணையதளம் திறந்தாங்க, நல்ல முயற்சி, அது மாதிரி நம்ம மாநிலத்துக்கும் ஒன்னு வச்சு, மெஷின் இருக்குங்கிறதோட போன மாசம் எத்தனை மணி நேரம் ஓடிச்சுங்கிறதையும் எல்லாரும் பாக்குற மாதிரி போடணும். அந்த ஒரு நம்பர் வெளில வந்தா போதும், பேட்டரி ஃபைல் எட்டு மாசம் தூங்காது.

அந்த ஃபெசெம்முக்கு இந்த பொங்கலுக்கு அப்புறம் பேட்டரி வந்துச்சு. நான் போய் வாக்யூம் இறக்கி, சூடு பண்ணி, ஒன்பது நாள் அங்கயே தங்கி ஓட வச்சேன். நல்ல வேளை ஊசி போகல. முதல் சாம்பிளா அந்த பொண்ணோடத தான் வச்சோம், ஸ்கிரீன்ல அந்த துத்தநாக ஆக்சைடு குச்சி குச்சியா நிமிந்து நின்னத பாத்துட்டு அது ஒரு வார்த்தை பேசல, கிட்ட போய் விரல வச்சு வச்சு எண்ணிக்கிட்டு இருந்துச்சு. நான் கிளம்புறப்ப இனிமே இத யாரு தினமும் பாத்துப்பாங்கன்னு கேட்டேன், ஆள் இன்னும் போடல சார்னாங்க. அதுக்கப்புறம் கரண்ட் போற ஒவ்வொரு ராத்திரியும் அந்த அயான் பம்ப் ஓடுதான்னு தான் நெனப்பு வருது. 

ரிட்டயர் ஆன அண்ணன் அவரோட நோட்ட என்கிட்ட கொடுத்துட்டாரு, காலேஜ்ல வாங்கிக்க ஆள் இல்லன்னு. மொத்தம் பதினாலு நோட்டு, எங்க வீட்டு பீரோல இருக்கு. உங்க நிருபர் யாரையாவது அனுப்புனீங்கன்னா நோட்டையும் காட்டுறேன், தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கிற ரூமுக்கெல்லாம் அனுமதி வாங்கிட்டு கூட்டிட்டும் போறேன். நான் பேசினா சர்வீஸ் கம்பெனி ஆளு ஏஎம்சிக்காக பேசுறான்னு சொல்லிடுவாங்க, உங்க பேப்பர் கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். என் பேர மட்டும் போட வேணாம், நான் தினமும் அந்த லேபுக்குள்ள போகணும்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் இன்ஜினியர்,
திருச்சி